புதன்கிழமை அணி

1. யாரும் விரும்பாத வேலை

தேனியில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராகச் சேர்ந்த முதல் வாரத்திலேயே, மற்றவர்கள் தள்ளிவிடக் காத்திருந்த ஒரு வேலை என் கைக்கு வந்தது. கம்பம் பள்ளத்தாக்கில் அப்போது எட்டுக் கல்லூரிகள் சேர்ந்து ஒரு கால்பந்து லீக் நடத்தின. எந்த அணி எந்த அணியோடு, என்றைக்கு, எந்த மைதானத்தில், எத்தனை மணிக்கு ஆடுவது என்று அட்டவணை போட ஒரு ஆள் வேண்டும். எங்கள் வட்டத்தில் அந்த அட்டவணைக்கு, ஆங்கில ‘ஃபிக்ஸ்ச்சர்’ தேய்ந்து, பிக்சர் என்று பெயர். எனக்கு முன்னால் அதைப் போட்டுவந்த மூத்த பி.டி. சார் கூட்டத்தில் எழுந்து, “தம்பி எம்.பில். படிச்சிருக்காக. ஆய்வே போட்டி நடத்துறதப் பத்தித்தானாம். இனிமே திட்டு வாங்குறது அவுக பொறுப்பு” என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலின் பொருள் புரியாதவன் அங்கே நான் ஒருவன்தான்.

தாளில் பிக்சர் போடுவது எளிது. எட்டு அணிக்கு ஏழு சுற்று. ஒன்றாம் எண்ணை அசையாமல் நிறுத்திவிட்டு மீதி எண்களை ஒவ்வோர் இடமாகச் சுற்றிக்கொண்டே போக வேண்டும். சைக்ளிக் மெத்தட் என்பார்கள். உட்கார்ந்த இடத்தில் முடித்து எல்லாக் கல்லூரிக்கும் அனுப்பிவிட்டு, இதற்கா இவ்வளவு பயந்தார்கள் என்று நினைத்தேன்.

மறுநாள் காலையிலிருந்து போன் ஓயவில்லை. ஒரு கல்லூரி மைதானம் திருவிழா நாட்களில் வண்டி நிறுத்தும் இடமாம். இன்னொரு கல்லூரியில் செய்முறைத் தேர்வாம். மேற்கே கணவாய் வாசலில் இருந்த கல்லூரியின் பி.டி. சார் சிரித்துக்கொண்டே சொன்னார்: “சார், ஆடி மாசம் எங்க கிரவுண்டுல சாயங்காலம் மேட்ச் போட்டிருக்கீக. இங்கன அடிக்கிற காத்துக்கு, கோல் கிக் அடிச்ச பந்து அடிச்சவன் தலையிலயே வந்து விழும். பரவாயில்லையா?” அவர் மைதானத்துக்கு ஆடி முழுவதும் காலை ஆட்டம் என்று மாற்றினேன்.

ஒருவர் மட்டும் போன் செய்யவில்லை. பஸ் ஏறி நேரில் வந்தார். கம்பத்தைத் தாண்டி மலையடிவாரத்தில் இருந்த ஒரு சிறிய கல்லூரியின் பி.டி. முத்தையா சார். தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தவர். என் அறை வாசலில் செருப்பைக் கழற்றப் போனார். வேண்டாம் என்று தடுத்தேன்.

“எங்களுக்குப் புதன்கிழமை வேணும் சார்” என்றார்.

“எந்தப் புதன்கிழமை?”

“எல்லா ஆட்டமும்.”

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. அவருடைய ஆட்டக்காரர்கள் எல்லோரும் சனியும் ஞாயிறும் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள். விடியுமுன் கம்பத்தில் ஜீப் ஏறினால் மலை மேட்டுக்கு அந்தப் பக்கம் போய், கூட வரும் அம்மாமார் காய் எடுப்பார்கள், பையன்கள் மருந்தடிப்பார்கள், மூட்டை சுமப்பார்கள். பொழுது சாய்ந்து இறங்குவார்கள். கல்லூரிச் செலவு அந்த இரண்டு நாள் கூலியில்தான்.

“ஒரு ஞாயிறு லீவு போட முடியாதா?” என்று கேட்டேன்.

“ஜீப்புல ஒவ்வொருத்தருக்கும் எடம் இருக்கு சார். ஒரு நாள் வரலேன்னா அந்த எடத்துல வேற ஆள ஏத்திருவாக. அப்புறம் சீசன் முடியிற மட்டும் ரோட்டுலதான் நிக்கணும். புதன் மத்தியானம் எங்க காலேஜுல கேம்ஸ் பீரியட். கிளாஸ் இல்ல. அன்னைக்குன்னா பதினோரு பேரும் வந்துருவாக.”

மாற்றிக்கொடுத்தேன். மற்ற கல்லூரிகள் கொஞ்சம் முனகின, பிறகு பழகிவிட்டன. அந்த அணிக்குப் புதன்கிழமை அணி என்றே பெயர் விழுந்தது. அடுத்த வருடம் முத்தையா சார் வந்து கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லாமல் நானே முதலில் அவர்களுடைய புதன்கிழமைகளைப் போட்டுவிட்டு, பிறகுதான் மற்ற அணிகளை எடுத்தேன். பல வருடங்கள் இப்படித்தான் நடந்தது. நான் இந்த வேலையில் ஏதாவது நன்றாகச் செய்தேன் என்றால் அது அந்த வருடங்களில்தான்.

2. கேபிள் ஜெயபால்

ஜெயபால் தேனியில் ஒரு உள்ளூர் கேபிள் சேனல் நடத்தினார். காதுகுத்து வாழ்த்து, கோயில் கொடை, பழைய பாட்டு. பிறகு அதையே இணையத்திலும் நேரலையாக விட ஆரம்பித்தார். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பார்ப்பதைக் கண்டதும் அவருக்கு யோசனை ஓடியது. இரண்டு கேமராவோடு எங்கள் மைதானத்துக்கு வந்து நின்றார்.

“சார், ஒங்க லீக்க நான் காட்டுறேன். வெளம்பரம் நான் புடிச்சுக்கிறேன். நகைக்கடை, ஸ்கேன் சென்டர், சொட்டு நீர்ப் பைப்பு, எல்லாம் பேசியாச்சு. வர்றதுல ஒரு பங்கு லீக்குக்கு. ஒரே ஒரு கண்டிஷன். சனி, ஞாயிறு சாயங்காலம் அஞ்சரைக்கு கிக் ஆஃப். அப்பத்தான் வீட்டுல ஆள் இருப்பாக.”

எங்கள் கல்லூரிச் செயலாளர்தான் லீக்கின் தலைவரும். வசதியான குடும்பம், சுறுசுறுப்பான மனிதர். ஒரே வருடத்தில் எங்கள் மைதானத்துக்கு விளக்குக் கம்பங்கள் போட்டுவிட்டார். ஒளிபரப்பாகும் ஆட்டங்கள் எல்லாம் எங்கள் மைதானத்தில் என்று ஆயிற்று. வந்த தொகையை எட்டாகப் பிரித்தார்கள். பந்து, ஜெர்சி, பஸ் செலவு போகவும் ஒவ்வொரு கல்லூரிக்கும் மிச்சம் இருந்தது. அதுவரை பந்துக்குப் பஞ்சர் ஒட்டிய ஆட்கள் நாங்கள்.

எனக்கும் ஒன்று கிடைத்தது. மைக். ஜெயபால் என்னைக் கேமரா மேடையில் உட்கார வைத்து வர்ணனை சொல்லச் சொன்னார். பழனிசெட்டிபட்டியில் என் தெருவில் என்னை அதுவரை வாத்தியார் என்றுதான் தெரியும். பிறகு டி.வி. சார் ஆனேன். பால்காரர் ஒரு நாள், “நேத்து பாத்தேன் சார். நல்லாத்தான் பேசுறீக. ஆனா கோல் விழுந்து, பந்த எடுத்துட்டு வந்து நடுவுல வச்சதுக்கு அப்புறந்தான் கோலுங்கிறீக” என்றார். கேலிதான். அதுவும் எனக்கு இனித்தது. லீக்குக்கு வந்த பணத்தை விட, அந்த மைக்தான் என்னைக் கெடுத்தது என்று இப்போது நினைக்கிறேன். அன்று அப்படித் தோன்றவில்லை.

முதல் சீசனில் புதன்கிழமை அணியின் ஆட்டங்களைக் கேமரா இல்லாமல் புதன்கிழமையே வைத்தேன். ஜெயபால் ஒன்றும் சொல்லவில்லை. “வாரத்துக்கு ரெண்டு ஆட்டம் கெடச்சா எனக்குப் போதும் சார். மிச்சத்த நீங்க எப்ப வேணா வச்சுக்கங்க” என்றார். இந்த வார்த்தையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். நான் அதை வேண்டுமென்றே மறந்தேன்.

3. ஒன்பதாவது கல்லூரி

அடுத்த சீசனுக்கு முன்னால் செயலாளர் என்னைக் கூப்பிட்டார். பள்ளத்தாக்குக்கு வெளியே இருந்த ஒரு பெரிய பொறியியல் கல்லூரி எங்கள் லீக்கில் சேர விரும்பியது. அவர்களுக்குச் சொந்த விளம்பரதாரர்கள் இருந்தார்கள். வந்தால் தொகை இரண்டு மடங்காகும் என்று பேச்சு. ஆனால் லீக் விதிப்படி எட்டு அணிகள்தான். ஒன்பது என்றால் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு அணி சும்மா உட்கார வேண்டும். சுற்றும் கூடும், சீசன் தேர்வில் போய் இடிக்கும். அதை நானே முன்பு கூட்டத்தில் விளக்கியிருந்தேன்.

“ஒரு டீம் எடம் விடணும் சார்” என்றார் செயலாளர்.

“யாரை வெளியே எடுக்கிறது? தீர்மானம் போடணுமே.”

“தீர்மானம்னு போனா சாதிச் சண்டை, ஊர்ச் சண்டை ஆயிரும். எவனும் முன்மொழிய மாட்டான்.” காபியை என் பக்கம் தள்ளினார். “ரெண்டு தடவ ஆட வராம வாக்ஓவர் குடுத்த டீம் வெளியே. அது இருக்கிற ரூல்தான?”

“ஆமா.”

“எல்லா டீமையும் சமமா நடத்துங்கன்னுதான் சொல்றேன். ஒரு டீமுக்கு மட்டும் புதன்கிழம, மத்தவகளுக்கு ஞாயித்துக்கிழமன்னா அது என்ன நியாயம்? ஒங்களுக்குத் தெரியாததா? பிக்சர் போடுறவரு நீங்க.”

அவ்வளவுதான் பேச்சு. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. எழுந்து வரும்போது, “ரிட்டையர் ஆனாலும் நீங்கதான் போட்டி இயக்குநரு. மைக்கும் ஒங்களுக்குத்தான்” என்றார்.

அந்த அறையிலிருந்து என் அறைக்கு வருவதற்குள் எனக்கு எல்லாம் புரிந்திருந்தது. அவர் என்னை எதுவும் செய்யச் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்ததை எனக்கே நினைவுபடுத்தினார். ஏலத்தோட்ட சீசன் எப்போது சூடுபிடிக்கும், ஜீப் எத்தனை மணிக்குக் கம்பம் இறங்கும், அங்கிருந்து தேனிக்கு எவ்வளவு நேரம் ஆகும். இவ்வளவையும் தெரிந்தவன் அந்த லீக்கில் நான் ஒருவன்தான். பல வருடங்களாக அந்தப் பையன்கள் ஆடுவதற்காகச் சேர்த்து வைத்த அறிவு அது.

4. குறையில்லாத அட்டவணை

அதுதான் நான் போட்டதிலேயே நேர்த்தியான பிக்சர். எல்லா அணிக்கும் ஒரே எண்ணிக்கையில் சனி, ஞாயிறு ஆட்டங்கள். எல்லா அணிக்கும் சமமான ஓய்வு நாட்கள். வார நாள் ஆட்டம் யாருக்கும் இல்லை. புதன்கிழமை அணிக்கு ஆரம்பத்தில், ஆடி ஆவணியில், பெரிய வேலை இல்லாத நாட்களில் சில ஆட்டங்கள். காய் எடுப்பு உச்சத்தில் இருக்கும் ஐப்பசியில் அடுத்தடுத்து இரண்டு ஞாயிறு.

கூட்டத்தில் எல்லோருக்கும் ஒரு பிரதி கொடுத்தேன். ஒருவர், “இது மாதிரி சமமா இது வரைக்கும் போட்டதில்ல சார்” என்று பாராட்டினார். முத்தையா சார் தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், புதன் ஒண்ணுகூட இல்லையே” என்றார்.

“இந்த வருஷம் எல்லாருக்கும் ஒரே மாதிரி சார். டி.வி. காண்ட்ராக்ட்.”

அவர் என் முகத்தைப் பார்த்தார். நான் ஜெயபாலைப் பார்த்தேன். ஜெயபால் கடைசி வரிசையில் உட்கார்ந்து போனில் யாரிடமோ விளம்பரம் பேசிக்கொண்டிருந்தார்; எங்கள் பேச்சு அவர் காதில் விழவில்லை. விழுந்திருந்தால், ‘எனக்கு அந்த ஆட்டம் வேண்டாமே’ என்று பட்டென்று சொல்லியிருப்பார். நான் அடுத்த அஜெண்டாவுக்குப் போனேன். முத்தையா சார் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

5. ஐந்து பேர்

அந்த அணி ஆரம்பத்தில் ஆடிய ஆட்டங்களில் நன்றாகவே ஆடியது. கேப்டன் காசிமாயன். மூன்றாம் வருடம் வரலாறு படித்த பையன். இடதுகால்காரன். அவனுக்கும் இன்னும் சிலருக்கும் அந்தக் கல்லூரியில் விளையாட்டுக்காகக் கட்டணச் சலுகை இருந்தது. லீக்கில் அணி இருக்கிற வரைக்கும்தான் அந்தச் சலுகை. இதுவும் எனக்குத் தெரியும்.

ஐப்பசியின் முதல் ஞாயிறு அவர்கள் வரவில்லை. முத்தையா சார் முதல் நாளே போன் செய்து, தேதி மாற்ற முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். வாக்ஓவர்.

அடுத்த ஞாயிறு வருகிறோம் என்றார்கள். தோட்டத்து மேஸ்திரியிடம் பேசி, மதியத்தோடு வேலையை முடித்து, ஜீப்பைக் கம்பத்தில் நிறுத்தாமல் நேராகத் தேனிக்கே ஓட்டிவர ஏற்பாடு. இரண்டு ஜீப்.

அன்று காலையிலிருந்து மேற்கு மலையில் மழை. தேனியில் துளி இல்லை. ஐந்தரைக்குச் சற்று முன்னால் முதல் ஜீப் மைதானத்துக்குள் வந்தது. அதிலிருந்து ஐந்து ஆட்டக்காரர்கள் குதித்தார்கள். அவர்கள் பின்னாலேயே, தலையில் துண்டு கட்டி, இடுப்பில் சாக்குப் படுதாவோடு, தூக்குவாளியும் கையுமாகப் பெண்கள் இறங்கினார்கள். அவர்களைக் கம்பத்தில் இறக்கிவிட நேரம் இல்லாததால் எல்லோரும் அப்படியே வந்துவிட்டார்கள். கேலரியில் நகைக்கடை பேனருக்கு அடியில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஏலக்காய்ப் பச்சை வாசனை மேடை வரைக்கும் வந்தது.

ஆட்டம் தொடங்க ஒரு அணியில் ஏழு பேராவது வேண்டும். கால் மணி நேரம் காத்திருக்கலாம் என்பது விதி. அதற்கு மேல் மேட்ச் கமிஷனரின் விருப்பம். மேட்ச் கமிஷனர் நான்.

காசிமாயன் பூட்ஸ் கட்டிக்கொண்டே ஓடி வந்தான். “சார், மேட்டுல மரம் விழுந்துருச்சு. நாங்க தப்பிச்சு வந்துட்டோம். ரெண்டாவது ஜீப்பு மாட்டிக்கிச்சு. இப்பப் போன் அடிச்சேன், சின்னமனூர் தாண்டிட்டாகளாம். வந்துருவாக சார்.”

எதிரணிக் கேப்டன் பக்கத்தில்தான் நின்றான். “நாங்க வெயிட் பண்றோம் சார். ஒண்ணும் அவசரமில்ல” என்றான்.

ரெஃபரி என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன். கால் மணி நேரம் முடிந்தது.

ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விதி அதற்கு இடம் கொடுத்தது. எதிரணி சம்மதித்தது. ஜெயபால்கூட, “போடுறதுக்கு வெளம்பரம் இருக்கு சார், ஓட்டிக்கிறேன்” என்று ஆள் அனுப்பினார். செயலாளர் வி.ஐ.பி. நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அவர் என் பக்கம் திரும்பவேயில்லை. திரும்பாமலே இருந்தது எனக்குக் கேட்டது.

“வாக்ஓவர்” என்றேன்.

ரெஃபரி விசில் ஊதினார். எதிரணிக் கேப்டன் ‘என்ன சார் இது’ என்று முணுமுணுத்தான். காசிமாயன் இடுப்பில் கைவைத்துக் கேட்டைப் பார்த்தபடி நின்றான்.

கேலரியிலிருந்து ஒரு அம்மாள் எழுந்து வந்தார். காசிமாயனின் தாயார் என்று பிறகுதான் தெரிந்தது. “அய்யா, மணி பாத்துச் சொன்னீகளாமே. அங்கன மரம் விழுந்து கெடந்துச்சு. அது மணி பாத்தா விழும்?”

“விதி அப்படிம்மா” என்றேன்.

“என்ன விதியோ ஆத்தா” என்று தன் பக்கத்தில் நின்ற பெண்ணிடம் சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார்.

6. பந்து மட்டும்

இரண்டாவது ஜீப் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே உள்ளே வந்தது. இன்னும் ஆறு பேர் இறங்கினார்கள். இரண்டு பேர் ஓடிக்கொண்டே சட்டையைக் கழற்றினார்கள். “ஏலே, நில்லுங்கலே! முடிஞ்சிருச்சு” என்று காசிமாயன் கத்தினான். அவர்களுக்குப் புரியவில்லை. “என்னலே முடிஞ்சிருச்சு? ஆரம்பிக்கவே இல்லையே!” என்றான் ஒருவன்.

காசிமாயன் மேடைக்கு வந்தான். சண்டை போடப் போகிறான் என்று நினைத்தேன். அதற்கான பதில்களை எல்லாம் வரிசையாகத் தயார் செய்து வைத்திருந்தேன்.

“சார், பந்த மட்டும் தர்றீகளா? இம்புட்டுத் தூரம் வந்துட்டோம். ஆத்தாமாரெல்லாம் பாக்கணும்னு ஒக்காந்திருக்காக. ஆடிட்டுப் போறோம்.”

பந்தைக் கொடுத்தேன். எதிரணிக் கேப்டன் தன் பையன்களைக் கூப்பிட்டான். ரெஃபரி, “கணக்குல வராதுன்னா நான் சும்மா விசில் ஊதுறேன்” என்று இறங்கினார். ஜெயபால் மேடைக்கு ஓடி வந்தார். “சார், நேரலைய இருட்டா விட முடியாது. வெளம்பரமெல்லாம் புக் ஆயிருக்கு. இதையே காட்டுவோம். நீங்க பேசுங்க.”

அப்படித்தான் நடந்தது. நடக்கவில்லை என்று நானே அறிவித்த ஆட்டத்தை, நானே மைக்கில் வர்ணித்தேன். அதிகாலையிலிருந்து மலைச்சரிவில் மூட்டை சுமந்த கால்கள். முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினார்கள். இரண்டாம் பாதியில் காசிமாயன் இடது ஓரத்தில் மூன்று பேரைக் கடந்து போய் ஒன்றைப் போட்டான். கேலரியில் பெண்கள் தூக்குவாளி மூடியைத் தட்டினார்கள். “ஏலே மருமகனே, இன்னொண்ணு போடுலே, ஒனக்கு நாளைக்கு என் பங்கு கஞ்சி!” என்று ஒரு குரல். இன்னொன்று விழவில்லை. ஒன்றுக்கு இரண்டு. தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே ஜீப் ஏறினார்கள்.

ஜெயபால் போனைக் காட்டினார். “சார், இந்த சீசன்லயே இன்னைக்குத்தான் நெறைய பேரு பாத்திருக்காக. கேரளாவுல இருந்துகூட கமெண்ட் போட்டிருக்காக. அடுத்த வருஷம் இந்த டீமுக்கு ரெண்டு ஆட்டம் கூடப் போடுங்க.”

அவருக்கு யாரும் எதையும் சொல்லியிருக்கவில்லை.

மறுநாள் அறிக்கை எழுதினேன். இரண்டாவது வாக்ஓவர் என்று எழுதினேன். இரண்டாவது ஜீப் வந்ததை எழுதவில்லை. அதை எழுதும்படி எந்தப் படிவமும் கேட்கவில்லை. செயலாளர் படித்துவிட்டு, “நம்ம கையில ஒண்ணுமில்ல சார். ரூலு” என்றார்.

7. அதற்குப் பிறகு

புதன்கிழமை அணி வெளியேறியது. அந்தக் கல்லூரி நிர்வாகம், லீக்கில் இல்லாத ஆட்டத்துக்குச் சலுகை எதற்கு என்று நிறுத்திவிட்டது. முத்தையா சாரின் வேலையும் போயிற்று. சின்னமனூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராகச் சேர்ந்தார் என்று கேள்விப்பட்டேன். ஆட்டக்காரர்களில் சிலர் எப்படியோ படித்து முடித்தார்கள். காசிமாயன் கடைசி செமஸ்டருக்குப் பணம் கட்டவில்லை.

பெரிய கல்லூரி உள்ளே வந்தது. வெளியூரிலிருந்து ஆட்டக்காரர்களைக் கொண்டுவந்து எல்லோரையும் ஆறு, ஏழு கோல் வித்தியாசத்தில் அடித்தது. முதல் வருடம் தொகை உண்மையாகவே உயர்ந்தது. பிறகு பார்க்கிற கூட்டம் குறைந்தது. “யாரு ஜெயிப்பாகன்னு தெரிஞ்ச ஆட்டத்த எவன் சார் பாப்பான்?” என்று சொல்லி ஜெயபால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. விளம்பரம் போனதும் பெரிய கல்லூரி இன்னும் பெரிய லீக்குக்குப் போயிற்று. எங்கள் கல்லூரியும் அதன் பின்னாலேயே போனது. மீதி ஆறும் தாங்களாகவே ஆட்டத்தை நிறுத்திக்கொண்டன. நான் ஓய்வு பெற்றபோது இயக்க லீக்கும் இல்லை, பேச மைக்கும் இல்லை.

இதை நான் நெடுநாள் யாரிடமும் சொல்லவில்லை. என் மனைவியிடமும் இல்லை. சொல்லாமல் இருப்பது கஷ்டமாகக்கூட இல்லை. ஏனென்றால் யாரும் கேட்கவில்லை. அட்டவணை சரியாக இருந்தது, விதி சரியாக இருந்தது, கடிகாரம் சரியாக இருந்தது. குற்றம் என்று சுட்டிக்காட்ட ஒரு தாளும் கிடையாது. எனக்கு மட்டும் தெரியும். அந்த நினைப்போடு வயதாவது நான் எதிர்பார்த்ததை விட மெதுவாக நடந்தது.

போன வருடம் கம்பத்துக்குப் போனேன். விசாரித்ததில் காசிமாயன் சொந்தமாக ஜீப் வைத்து, தோட்டத்துக்கு ஆள் ஏற்றுகிறார் என்று சொன்னார்கள். மதிய நேரம். ஜீப்பை நிழலில் நிறுத்தி, சக்கரத்தில் ஒட்டிய செம்மண்ணைக் குச்சியால் தட்டிக்கொண்டிருந்தார். தலையில் முன்பக்கம் முடி குறைந்திருந்தது. என்னைப் பார்த்ததும் குச்சியைப் போட்டுவிட்டு எழுந்து, “வாங்க சார்! மைக் இல்லாம வந்திருக்கீக!” என்று சிரித்தார். டீ வாங்கிவரச் சொன்னார். வேண்டாம் என்றேன். வாங்கினார்.

சுற்றிவளைக்காமல் சொன்னேன். “அந்த வருஷம் அந்த பிக்சர நான் தெரிஞ்சேதான் போட்டேன் தம்பி. நீங்க வர முடியாதுன்னு தெரிஞ்சு அந்த ரெண்டு ஞாயிறப் போட்டேன். டி.வி.க்காரரு உங்க ஆட்டத்த எப்ப வேணா வச்சுக்கச் சொல்லியிருந்தாரு. அதையும் மறைச்சேன். மரம் விழுந்த அன்னைக்குக் காத்திருக்க எனக்கு அதிகாரம் இருந்துச்சு.”

அவர் டீயைக் குடித்து முடித்தார். பிறகு கோபமில்லாமல் சொன்னார்:

“பிக்சர் வந்தப்பவே முத்தையா சாருகிட்ட நாங்க சண்ட போட்டோம் சார். மறியல் பண்ணுவோம், பேப்பருக்குச் சொல்வோம்னோம். அவுகதான் விடல. ‘தேனி பி.டி. சார் போட்ட பிக்சர்லே இது. ஒரு புதன்கிழமை குடுக்க வழியிருந்தா அவுக குடுத்திருப்பாக. அவுகளுக்கே மேல இருந்து நெருக்கடி போல. சங்கடப்படுத்தாதீக’ன்னாக. வேற யாரு போட்டிருந்தாலும் விட்டிருக்க மாட்டோம் சார். நீங்கங்கிறதாலதான் சும்மா இருந்தோம். அன்னைக்குப் பந்து மட்டும் கேட்டது அதுக்குத்தான்.”

மன்னித்துவிடு என்று சொல்லத்தான் போயிருந்தேன். அந்தச் சொல் அதற்கு மேல் வாயில் வரவில்லை. அவரும் அதை எதிர்பார்த்த மாதிரி தெரியவில்லை. மேட்டுக்குப் போக வேண்டிய உரமூட்டைகள் வந்துவிட்டன. ஏற்றச் சொல்லிவிட்டு, என்னைப் பஸ் நிறுத்தத்தில் இறக்கிவிடட்டுமா என்று கேட்டார். நடந்தே போகிறேன் என்றேன்.

புதிதாகப் போட்டி நடத்த வரும் இளைய பி.டி.க்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பிக்சரை வெளியிட்டதும் உங்களுக்கு நிறையப் போன் வரும். கத்துகிறவர்களைப் பற்றிக் கவலைப்படாதீர்கள். அவர்களுக்கு வேண்டியதை அவர்களே வாங்கிக்கொள்வார்கள். தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு அதிகம் பேசாமல் கையெழுத்துப் போடுகிற ஒருவர் எல்லாக் கூட்டத்திலும் இருப்பார். அவரை அனுப்பிவிடாதீர்கள். அவருடைய தேதிகளை அவர் எதிரிலேயே இன்னொரு முறை பாருங்கள். அவர் கையெழுத்துப் போட்டது தாளை நம்பி அல்ல.